பத்தாவது பேட்டி

“யாருமே இப்படிப் பேச மாட்டாங்கம்மா. இதை நீங்க வீட்டுல உட்கார்ந்து நீங்களே எழுதியிருக்கீங்க.”

பேராசிரியை தாள்களை மேஜைமேல் தொப்பென்று போட்டாள். எதிரே நின்ற மாணவி, வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற நர்ஸ், அவற்றைக் குனிந்து அடுக்கிவைத்தாள்.

பாடத்தின் பெயர் பண்புசார் ஆராய்ச்சி. பெயர்தான் மிரட்டும், விஷயம் சுலபம். எத்தனை பேருக்கு நோய் என்று எண்ண வேண்டாம். நோயாளியை உட்காரவைத்து, அவர் பேசுவதைப் பதிவு செய்து, சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும். இழுத்தால் இழுவை, இருமினால் இருமல், அழுதால் அழுகை.

அதில் பேராசிரியை புலி. மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் ‘காது மேடம்’. அது காதில் விழுந்தபோது கோபப்படுகிற மாதிரி நடித்தாளே தவிர, உள்ளுக்குள் குளுகுளு என்றுதான் இருந்தது.

ஆளுக்குப் பத்துப் பேட்டி எடுக்க வேண்டும். நர்ஸ் எடுத்த ஒன்பதும் தங்கம். படிக்கும்போதே நோயாளியின் மூச்சு கேட்டது. பத்தாவதுதான் உதைத்தது.

‘கை நடுக்க நோய் வந்த ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணி’ என்று போட்டிருந்தது. அந்த அம்மாளோ பாடப்புத்தகத்தை விழுங்கியவள் போலப் பேசினாள். ‘எனது கரம் நடுங்குகிறது. கோப்பையைப் பிடிக்க இயலவில்லை.’

“‘இயலவில்லை’ன்னு எந்த அம்மா பேசும்? உங்க வார்டுக்கு வர்றவங்க ‘மூச்சு விட இயலவில்லை’ன்னு சொல்லிக்கிட்டேவா வர்றாங்க?”

வேறு நேரமாக இருந்தால் நர்ஸே சிரித்திருப்பாள்.

பதிவு எங்கே என்று கேட்டதற்கு, அழித்துவிட்டதாகச் சொன்னாள். பேசியவர் கேட்டுக்கொண்டாராம். சம்மதப் படிவத்தில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கைரேகை. இவ்வளவு இலக்கணமாகப் பேசுகிறவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதா என்றால், கை நடுங்கியது என்று பதில்.

எல்லாவற்றுக்கும் ஒரு பதில் தயாராக இருந்ததுதான் பேராசிரியைக்கு எரிச்சல். மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, சிவப்புக் கோடு போட்டிருந்த வரிகளை உரக்கப் படித்தாள்.

‘ஒன்பது மாதங்களாக என் கணவருக்குத் தெரியாது. மூன்று முறை கூற முயன்றேன். அவர் வேலையாக இருந்தார்.’

“இங்கதான் நீங்க மாட்டிக்கிட்டீங்க. ஒரே வீட்டுல இருக்கிற ஆளோட கை ஒன்பது மாசமா நடுங்குது, அது கண்ணுல படாதா? பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். அப்படி ஒருத்தர் இருந்தா அவர் மனுஷனே இல்ல, மரக்கட்டை.”

நர்ஸ் முதல்முறையாக நிமிர்ந்தாள். “அப்படிச் சொல்லாதீங்க மேடம். அவங்க மேல ஒரு தப்பும் இல்லை, பாவம் வேலை அதிகம்னுதான் பேட்டி கொடுத்தவங்க சொன்னாங்க.”

பேராசிரியை தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாக எடுத்துச் சொன்னாள். போலிப் பேட்டி என்று எழுதினால் படிப்பு அதோடு முடிந்தது. ஆஸ்பத்திரிக்கும் கடிதம் போகும். வேலைக்கே உலை. கைக்குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்து படிக்கிற பெண், இப்படிக் கெட்டுப்போக வேண்டாம். அந்த அம்மாளை ஒரு தடவை கண்ணில் காட்டினால் போதும், பாஸ்.

“முடியாது மேடம்.”

“ஏன்?”

“யாருன்னு யாருக்கும் தெரியாதுன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். வேலையே போனாலும் அதைக் காப்பாத்தணும்னு நீங்கதானே முதல் வகுப்புல சொன்னீங்க.”

என் பாடத்தை எனக்கே திருப்புகிறாளே என்று பேராசிரியைக்குச் சுருக்கென்றது. சிவப்புப் பேனாவின் மூடியைக் கழற்றினாள். கடைசிப் பக்கத்தை மட்டும் இன்னும் படிக்கவில்லை. யாரும் நாளைக்குக் குறை சொல்லக் கூடாது என்று அதிலும் கண்ணை ஓட்டினாள்.

அங்கேயும் அதே இலக்கணம். நடுவில் ஒரே ஒரு வரி மட்டும் தப்பிப் பிழைத்த மாதிரி வெறும் பேச்சாக இருந்தது.

‘எத்தனை நாளைக்குத்தான் இந்தப் பொத்தானை ஒளிச்சு ஒளிச்சு முழுங்குறது.’

“இதென்ன, பொத்தானை முழுங்குறது?”

நர்ஸின் முகம் வெளுத்துவிட்டது. தாளைப் பிடுங்குகிறவள் போலக் கை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டாள். “மாத்திரைன்னு மாத்தியிருக்கணும் மேடம். அவசரத்துல விட்டுப் போச்சு.”

“மாத்திரையைப் போய் யாராவது பொத்தான்னு...”

அந்த வரியை விரலால் தொட்டு மறுபடி படித்தாள்.

அப்படிச் சொல்கிற ஆள் பேராசிரியைக்குத் தெரிந்து ஒரே ஒருத்தர்தான். தையல்கடைக்காரர். தலைவலி மாத்திரையோ சத்து மாத்திரையோ, அவருக்கு எல்லாமே பொத்தான். கல்யாணமான புதிதில் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள்.

“பெண்மணின்னு... போட்டிருக்கே?”

“ஆளை அடியோட மாத்தி எழுதினேன் மேடம். பேச்சையும் மாத்தினேன். இதுக்கு மேல எதுவும் கேட்காதீங்க.” நர்ஸின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது.

பேராசிரியை நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

அன்று காலையில், வீட்டு வாசலில், “இனிமே வண்டியை நீயே ஓட்டு” என்று அவர் நீட்டிய சாவிக்கொத்து கலகலவென்று ஆடியபோது, இந்த வயதில் என்ன விளையாட்டு என்று அதை வெடுக்கென்று பிடுங்கியவள், அவரைக் கடையில் இறக்கிவிடும்வரை வழியெல்லாம் ‘சோம்பேறி’ என்று திட்டிக்கொண்டே வந்திருந்தாள்.