முப்பத்தெட்டு வலது கால்கள்

"ஷூ கேட்டீங்களா, இல்ல எங்க சபையையே எழுதி வாங்கப் பார்க்குறீங்களா டீச்சர்?"

செயலாளர் அம்மாள் காகிதக் கட்டை மேஜைமேல் போட்ட வேகத்தில், ஐந்தாம் வகுப்பு டீச்சரின் சாப்பாட்டு டப்பா மூடி கீழே விழுந்து உருண்டது. மதிய இடைவேளை. ஆசிரியர் அறையில் இருந்த மற்ற இருவரும் கை கழுவும் சாக்கில் நழுவினார்கள்.

ஏற்பாடு எளிமையானது. ஆண்டுதோறும் பள்ளி திறந்ததும், வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு அடுத்த தெருத் தேவாலயம் ஷூ வாங்கிக் கொடுக்கும். டீச்சர் பிள்ளையை வெள்ளைத்தாளின்மேல் நிற்கவைத்து, வலது காலைச் சுற்றிப் பென்சிலால் கோடிழுத்து, பெயரெழுதி அனுப்ப வேண்டும். தேவாலயச் செயலாளர் அவற்றை அளவுவாரியாகப் பிரித்துக் கடைக்கு அனுப்புவார். தேவைப்பட்டவருக்கு மட்டுமே என்பது விதி. விதியை எழுதியதும் செயலாளர் அம்மாள்தான்.

"நாலாவதிலிருந்து இதே பிள்ளைங்களோடதான் வர்றீங்க. போன வருஷம் பதினொரு கால் வந்துச்சு. இந்த வருஷம் முப்பத்தெட்டு! ஒரே வருஷத்துல ஊரே ஏழையாயிடுச்சா?"

"வகுப்புல மொத்தமே முப்பத்தெட்டு பேர்தான், மேடம்."

"அதைத்தானே நானும் கேட்கிறேன்! டாக்டர் பையனுக்கு ஷூ இல்லையா? கார்ல வந்து இறங்குதே பேக்கரிக்காரர் பொண்ணு, அதுக்கு ஷூ இல்லையா? சரி, அவங்களை விடுங்க. இது யாரு காலு?"

கட்டிலிருந்து ஒரு தாளை உருவி டீச்சரின் முகத்துக்கு நேரே நீட்டினார். அதில் பெயர் இருந்தது. இல்லாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். கட்டைவிரலைத் தாண்டி நீண்ட அந்த இரண்டாம் விரலைப் பார்த்துத்தான், 'இது எங்க குடும்பத்துக் கால் இல்லையே' என்று பிள்ளை பெற்ற அறையிலேயே மாமியார் முகம் சுளித்தார்.

"என் பொண்ணு! அவ ஷூவை வைக்கவே எங்க வீட்டுல இடம் பத்தல. ஞாயித்துக்கிழமை போதகர் பட்டியலை எல்லார் முன்னாடியும் வாசிப்பாரு. நான் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்கிறது?"

அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார்.

"இது உங்க ஹெச்.எம்.முக்கு. பொய்ப் பட்டியல் கொடுத்த டீச்சர் இங்க இருக்கிற வரைக்கும் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஜோடிகூடக் கிடையாது."

டீச்சர் தற்காலிகப் பணியில் இருப்பவள். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தால் அவள் வேலை போகும். பிள்ளைகளின் ஷூவும் போகும். அது இருவருக்கும் தெரியும். அம்மாளின் குரலுக்குத் தெம்பு வந்ததே அதனால்தான்.

"மேடம், போன வருஷம் நீங்க கொடுத்த பதினொரு ஜோடி என்னாச்சு தெரியுமா?"

"போட்டுக் கிழிச்சிருப்பாங்க."

"பள்ளிக்குள்ள போடவே இல்ல. வீட்டுலேர்ந்து கேட் வரைக்கும் போட்டுட்டு வருவாங்க. அங்கேயே கழட்டிப் பையில வெச்சுட்டு, வெறுங்காலோட வகுப்புக்கு வருவாங்க. மழையிலயும் அப்படித்தான். ஒரு பொண்ணுக்குக் கண்ணாடி ஏறி, பாதத்துல மூணு தையல்."

"எதுக்காம்? நானே ஒவ்வொண்ணா வளைச்சுப் பார்த்து எடுத்த ஷூ!"

"ஷூவுல குறையில்ல. எல்லாமே ஒரே மாதிரி, நீலக்கோடு போட்டது. அதைப் பார்த்ததும் பசங்க பேர் வெச்சுட்டாங்க. 'ஓசிக்கால் வருது, ஓசிக்கால் போகுது'ன்னு."

"சீ! என்ன வார்த்தை அது!"

"அதான் எல்லார் காலையும் வரைஞ்சேன். முப்பத்தெட்டு பேரும் ஒரே ஷூ போட்டா, யாரைப் பார்த்து யார் சொல்றது? வசதியுள்ள மத்தவங்க அவங்க பிள்ளைக்கான காசை சபையில கட்டிடறோம்னு சொல்லிட்டாங்க."

"இதை என்கிட்ட முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா, பேர் வெச்சது யாருன்னும் கேட்பீங்க."

"கேட்கத்தான் செய்வேன். யாரு அது? பெத்தவங்க வளர்த்த லட்சணம்! அவங்க அம்மாவைக் கூப்பிடுங்க, நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை நான் கேட்கிறேன்."

"வேண்டாம், மேடம்."

"பேரைச் சொல்லுங்க. இல்லேன்னா இந்தக் கடிதம் இப்பவே ஹெச்.எம். ரூமுக்குப் போகும்."

அம்மாள் எழுந்தே விட்டார். டீச்சர் சட்டென்று குறுக்கே வந்து நின்றாள். நீட்டிய அவள் விரல், அம்மாளின் கையிலிருந்த தாளைத் தொட்டது.

"இந்தக் காலுக்குச் சொந்தக்காரிதான்."

"பொய்!"

"தையல் போட்ட அன்னைக்கு அவளா வந்தா. அழுதுகிட்டே சொன்னா, 'அடுத்த வருஷம் என் காலையும் வரைங்க டீச்சர், நானும் அதையே போடறேன்'னு. இப்போ முதல்ல வந்து தாள்மேல நின்னதும் அவதான். அவளைப் பார்த்துதான் மத்தவங்க வந்தாங்க."

அம்மாள் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். முதல்முறையாக அவர் குரல் இறங்கியது.

"எங்க வீட்டுப் பிள்ளை... இப்படி ஒரு பேச்சை யார்கிட்ட கத்துக்கிட்டா?"

"நானும் அதைத்தான் கேட்டேன், மேடம். 'கெட்ட வார்த்தைன்னு எனக்குத் தெரியாது டீச்சர். அம்மா சாப்பாட்டு மேஜையில இந்தத் தாளையெல்லாம் அடுக்கும்போது அப்படித்தான் எண்ணுவாங்க. ஒரு ஓசிக்கால், ரெண்டு ஓசிக்கால், மூணு ஓசிக்கால்...'னு சொன்னா."