பதினொரு மணி அழைப்பு

தேவசகாயம் கப்பல் வேலையில் இருந்தபோது வாங்கிப் போட்ட பிட்காயின், கடவுச்சொல் மறந்து கணினியில் பூட்டிக் கிடந்தது. மீட்டுத் தர ஒப்புக்கொண்ட பர்வீன் தினமும் காலை பதினொரு மணிக்குப் போனில் அழைத்து, ஏதாவது துப்புக் கிடைக்குமா என்று கேள்வி கேட்டாள். முதல் பைக்கின் எண், வளர்த்த நாயின் பெயர், கோபம் வந்தால் மனைவி அவரை எப்படிக் கூப்பிடுவாள் என்பதுவரை. மனைவி இறந்த நான்கு வருடங்களில் இதையெல்லாம் யாரும் அவரிடம் கேட்டதில்லை. ஒன்பதாம் நாள் பல் தேய்க்கும்போது கடவுச்சொல் தானாக நினைவுக்கு வந்தது. அடித்துப் பார்த்தார், திறந்துகொண்டது. எல்லாம் பத்திரமாக இருந்தது. கணினியை மூடிவிட்டு, சட்டையை மாற்றிக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏதாவது ஞாபகம் வந்துச்சா சார்?" என்றாள் பர்வீன்.

"இன்னும் இல்லம்மா," என்றார். "நீங்க கேளுங்க."