வாசலில் கருவாட்டுக் குழம்பு

அந்த நெடுஞ்சாலைச் சைவ ஓட்டலில் மூச்சை மோந்து பார்த்துத்தான் கதவு ஆளை உள்ளே விடும். சுடர்விழிக்குப் பச்சை எரிந்து கதவு திறந்தது. கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து கறி, மீன் மட்டுமல்ல, பால், நெய்யைக்கூட அவள் தொட்டதில்லை. சோற்றுத் தூக்குவாளியோடு பின்னால் வந்த அம்மா பாக்கியத்துக்குச் சிவப்பு எரிந்தது.

“காலையில கருவாடு தின்னிருப்பாங்க. நீங்க வாங்க மேடம், அவங்க பின்னாடி ஷெட்டுல சாப்பிடட்டும்,” என்றான் சூப்பர்வைசர்.

“எனக்கு உள்ள என்ன இருக்கு?”

“நெய்ப் பொங்கல், பன்னீர் தோசை, தயிர் சாதம்...”

“பால் சேராம?”

“பால் இல்லாம என்ன மேடம் சைவம்?” என்று சிரித்தான்.

சுடர்விழிக்கு வந்ததே கோபம். “விடியறதுக்குள்ள சாணி அள்ளி, பால் கறந்து ஊத்துறவடா எங்கம்மா. அவ கறக்குற பால் உள்ள வரலாம், அவ வரக்கூடாதா?”

“விடுடி, பஸ்ஸு போயிடும்,” என்று அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

சுடர்விழி நகரவில்லை. திறந்த கதவின் வாசற்படியிலேயே உட்கார்ந்து, அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்தாள். அம்மாவின் தூக்குவாளியைத் திறந்து, தனக்கு வாடையே ஆகாத கருவாட்டுக் குழம்பைத் தன் கையாலேயே அம்மா கட்டி வந்த சோற்றில் ஊற்றினாள். மூட முடியாமல் கதவு அலறியது.

“நீ நிதானமா சாப்பிடும்மா.”