கரை தெரியும் பக்கம்

கீரைக் கட்டோடு கப்பலில் ஏறிவிட்ட நத்தைத் தம்பதிக்கு, எந்தப் பக்கம் இடம் பிடிப்பது என்பதுதான் முதல் கவலை. மனைவிக்குக் கரை தெரிய வேண்டும். போகிற வழியில் ஒரு கலங்கரை விளக்கின் அடியில் அவளுடைய அக்கா குடியிருந்தாள். பார்த்து வெகுகாலமாகிவிட்டது.

கணவன் கண்களை நீட்டிப் பார்த்தான். இடது பக்கம் ஊர் தெரிந்தது. வலது பக்கம் வெறும் கடல்.

“சந்தேகமே வேண்டாம், இடதுதான்” என்று கம்பியோரம் அவளை உட்கார வைத்தான்.

கப்பல் கிளம்பி, துறைமுகத்துக்குள்ளேயே அரைவட்டம் அடித்துத் திரும்பியது.

“ஏங்க, ஊர் எங்கே போச்சு?”

“அந்தப் பக்கம் போயிடுச்சு. கிளம்பு, மாறிடலாம்.”

“நாம போய்ச் சேர்றதுக்குள்ள கப்பலே ஊருக்குத் திரும்பிடும். பேசாம இருங்க.”

“உங்க அக்காவைக் காட்டாம விடுவேனா? நான் முன்னால போய் இடம் பிடிக்கிறேன். நீ மெதுவா வா.”

மெதுவாகவாம்! அவள் சிரித்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள்.

கலங்கரை விளக்கு வலது பக்கமாகக் கடந்தபோது, அவன் நடுத்தளத்தில் ஒரு நாற்காலிக்கு அடியில் ஊர்ந்துகொண்டிருந்தான்.

கப்பல் அதே வழியில் திரும்பி வந்தது. இப்போது விளக்கு அவள் கண்ணெதிரே, கூப்பிடு தூரத்தில் வந்தது. பாறைமேல் அக்கா.

“அக்கா!”

“அடியே, நீயா? இளைச்சுப் போயிட்டியே! எங்கேடி உன் வீட்டுக்காரர்?”

தங்கை ஒரு கண்ணை மட்டும் பின்னால் திருப்பினாள். தளத்தின் மறுகோடியில், கடலைப் பார்த்தபடி அவன் அப்போதுதான் போய்ச் சேர்ந்திருந்தான்.

“அதோ அங்கே இருக்கார்க்கா. உன்னைப் பார்க்க எனக்கு இடம் பிடிச்சு வச்சிருக்கார்.”