குகைக்குள்ளே ஒரு ஷார்ட்

“சிக்னல் சிவப்புலயே நிக்குது சார். பச்சைக்கு மாறவே மாட்டேங்குது,” என்றாள் அந்த வீட்டுப் பெண்.

மாடி அறையை முக்கால்வாசி அடைத்திருந்த பலகையில் பொம்மை ரயில் பாதை வளைந்து வளைந்து ஓடியது. எலக்ட்ரீஷியன் பையிலிருந்து மீட்டரை எடுத்தார்.

“இருபது வருஷம் ரயில்வேயில சிக்னல் பார்த்தவன்மா நான். இதெல்லாம் எனக்கு ஜுஜுபி.”

“தெரியும். அதான் உங்களையே தேடிக் கூப்பிட்டேன்.”

“யார் செஞ்சது? உங்க பசங்களா?”

“நான்தான். அளவெடுத்து, ஒவ்வொண்ணாப் பார்த்துப் பார்த்துச் செஞ்சேன்.”

தண்ணீர்த் தொட்டி, அதைத் தாண்டி ஒரு வளைவு, அப்புறம் மலையைக் குடைந்த குகை. எங்கேயோ பார்த்த இடம் போலிருந்தது அவருக்கு.

“எல்லாம் தத்ரூபமா இருக்கும்மா. ஆனா பிளாட்பாரத்துல ஒரு ஆளைக்கூடக் காணோமே?”

“எல்லாரும் வண்டி ஏறிட்டாங்க.”

சிரிக்கப் போனவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் கண் கொட்டாமல் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சட்டென்று வேலையை முடித்துக் கிளம்பினால் போதும் என்றிருந்தது. பாதையின் ஒவ்வொரு பகுதிக்கும் போகும் வயரைக் கழற்றி மீட்டர் வைத்தார். முதல் இரண்டில் கோளாறு இல்லை. மூன்றாவதில் மீட்டர் ‘கீ’ என்று கத்தியது.

“குகைக்குள்ள தண்டவாளத்துல ஷார்ட். ரெண்டு தண்டவாளமும் எங்கேயோ ஒட்டிக்கிட்டிருக்கு. வண்டிச் சக்கரம்தான் இணைக்குது, அங்க வண்டி நிக்குதுன்னு நினைச்சுக்கிட்டு சிக்னல் சிவப்பு காட்டுது.”

“உள்ளே பார்க்கணுமா?”

“மலையையே கழட்டணும். அரை நாள் போயிடும். எதுக்கு வம்பு? அந்தப் பகுதியை விட்டுட்டு, சிக்னலுக்கு நேரா ஒரு வயர் குடுத்துட்டா பச்சை விழுந்துடும்.”

“பார்க்காமலேயேவா?”

“எத்தனை பார்த்திருக்கேன்! ஷார்ட்டாத்தான் இருக்கும்.”

வயரை முறுக்கினார். பச்சை எரிந்தது.

அவள் பேட்டரி எஞ்சினை முடுக்கி விட்டாள். அது தன் பெட்டிகளோடு வளைவு திரும்பி, வேகமாகக் குகைக்குள் நுழைந்தது.

‘மடார்!’

பின்பக்கமாக மலைக்குள் கையை விட்டு, கவிழ்ந்து கிடந்த வேறொரு பெட்டியை அவள் வெளியே எடுத்தாள்.

“ஷார்ட் இல்ல சார். உள்ளே நிஜமாவே வண்டி நின்னுட்டிருந்தது.”

எலக்ட்ரீஷியன் தொட்டி, வளைவு, குகை என்று மறுபடி பார்த்தார்; அது எந்த இடமென்று இப்போது தெரிந்தது.

“அந்த விபத்து விசாரணையில, சத்தியமா எந்த வயரையும் தொடலைன்னு சொன்னீங்க,” என்றாள் அவள், பெட்டியை முந்தானையால் துடைத்தபடி. “பதினோரு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் கண்ணால பார்த்தேன். இதுல மூணாவது ஜன்னல்ல என் வீட்டுக்காரர் உக்கார்ந்திருந்தார்.”