ஒட்டாத பல்

"மறுபடியும் கழண்டுடுச்சு, டாக்டரம்மா."

எவெர்ட் உள்ளங்கையை நீட்டினார். முன்பல்லின் உடைந்த மூலைக்கு வைத்த துண்டு அதில் கிடந்தது.

அன்னெலிக்கு எரிச்சலாக வந்தது. ஸ்வீடனின் சில்யான் ஏரிக்கரை ஊரில் இருபது வருடமாகப் பல் பார்க்கிறாள். ஒரே பல் பத்து நாளில் இரண்டு முறை அவள் காலை வாரியது இதுதான் முதல் தடவை.

"கடினமா எதையாவது கடிச்சீங்களா?"

"ஐயோ, பத்து நாளா வெறும் கஞ்சிதான். நாளைக்கழிச்சு மிட்சம்மர் கோடைத் திருவிழா விருந்து. அதுக்குள்ள சரி பண்ணிடுங்க. நான் ஒருத்தரைக் கட்டிக்கப் போறேன். அவங்க மககிட்ட அன்னிக்குத்தான் விஷயத்தை உடைக்கிறோம்."

"எழுபத்திரண்டு வயசுலயா? பலே! மக எப்படி?"

"கொஞ்சம் கறாரு."

அன்னெலி சிரித்துக்கொண்டே துண்டைப் பல்லோடு வைத்துப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"நிறம் பாத்துத்தானே வெச்சேன்? இப்ப துண்டு மஞ்சளா இருக்கு, பல்லு பளபளங்குது. உண்மையைச் சொல்லுங்க, வெளுக்கிற மருந்து போடறீங்களா?"

எவெர்ட்டின் காது சிவந்தது. "மூணு வாரமா. ராத்திரி மட்டும், கொஞ்சமா."

"கெடுத்தீங்க போங்க! அந்த மருந்து பல்லுக்குள்ள ஆக்சிஜனை விட்டுட்டுப் போகும். நான் தடவுற பசை, நீல வெளிச்சம் பட்டதும் கைகோத்து இறுகணும். ஆக்சிஜன் நடுவுல புகுந்து அந்தக் கையைப் பிரிச்சு விட்டுடும். மேல காஞ்ச மாதிரி இருக்கும், அடியில பிசுபிசுன்னே கிடக்கும். மருந்தை நிறுத்தி ரெண்டு வாரமாவது ஆகணும்."

"ரெண்டு வாரமா!" கிழவர் தளர்ந்துபோனார். "இந்தப் பல்லோட அந்தப் பொண்ணு முன்னாடி எப்படி உக்கார்றது? அவளுக்குப் பிடிக்கலைன்னா அவங்க அம்மா என்னை வேணாம்னுடுவாங்க. மக பேச்சைத் தட்டவே மாட்டாங்க."

அன்னெலிக்கு அவர்மேல் இரக்கம் பொங்கியது.

"பெத்தவ சந்தோஷத்தைப் பாக்காம உங்க பல்லைப் பாக்கிறவ ஒரு மகளா? நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லுங்க."

"நீங்களே சொன்னா நல்லாருக்கும், டாக்டரம்மா."

"தாராளமா சொல்றேன். முதல்ல அந்த மருந்தைக் காட்டுங்க. வீரியம் தெரிஞ்சாத்தான் சரியா நாள் குறிக்க முடியும். இந்த ஊர்ல அதை நான் மட்டும்தான் கொடுக்கிறேன். உங்களுக்குக் கொடுக்கவே இல்லையே?"

எவெர்ட் கோட்டுப் பையைத் துழாவினார்.

"உங்ககிட்ட காட்டிடணும்னு போன தடவையும் கொண்டாந்தேன். தைரியம் வரலை."

பாதி காலியான ட்யூபை அன்னெலி வெளிச்சத்தில் பிடித்தாள். அதில் ஒட்டியிருந்த சீட்டில், அவளுடைய சொந்தக் கையெழுத்திலேயே இருந்தது: "அம்மாவுக்கு. இரவில் மட்டும்."