ஆள் வராத வகுப்பு

“நன்றி கெட்ட ஜனங்க!” என்று கத்திவிட்டுக் கையிலிருந்த சாக்பீஸை விட்டெறிந்தார் சங்கச் செயலாளர். அது நாற்காலி வரிசையைத் தாண்டிப் போய் எதிர்ச்சுவரில் பட்டு உடைந்தது. திட்டு வாங்க அந்த அறையில் ஓர் ஆள்கூட இல்லை.

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுத்துக் கொடுக்கும் சலவை ஆலை அது. அடுத்த மாதம் புது மெஷின்கள் வருகின்றன. எல்லாமே திரையில் எழுத்தாகத்தான் வருமாம். படிக்கத் தெரியாதவர்களுக்கு இனி வேலை கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அப்படிப் பார்த்தால் பாதிப் பேர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

செயலாளர் விடுவாரா? எழுதப் படிக்கச் சொல்லித்தர, மேனேஜரோடு மல்லுக்கட்டிப் பழைய ஸ்டோர் ரூமை வாங்கினார். ஷிப்டிலிருந்து ஒரு மணி நேரத்தையும் பிடுங்கினார். வாத்தியாரும் அவரேதான். ஊர்வலத்துக்கு வாங்கி மிஞ்சியிருந்த கொடிச் சிவப்புத் தாளில் ‘தோழர்களே, உள்ளே வாருங்கள்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, கதவு நிறைய ஒட்டினார். படிக்கத் தெரியாதவர்களுக்கு இது போதுமா என்று யோசித்து, கேட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தவும் செய்தார். “திங்கட்கிழமையிலேர்ந்து ஸ்டோர் ரூம்ல கிளாஸ்! எல்லாரும் வரணும்!”

இன்று வெள்ளிக்கிழமை. ஒருவரும் வரவில்லை.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஜன்னலில் பார்த்தால், வாசல் வரை வந்துவிட்டு, முந்தானையாலும் துண்டாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிர்ப்பக்கமாக ஒதுங்கிப் போகிறார்களே, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மேனேஜர் தலையை நீட்டினார். “என்ன செயலாளரே, இன்னிக்கும் போணி ஆகலையா? சாயங்காலத்துக்குள்ள ஒருத்தராவது வரலைன்னா ரூம் மறுபடியும் ஸ்டோருக்குத்தான். சோப்புத்தூள் மூட்டையெல்லாம் வெளியில நனையுது.”

செயலாளர் விறுவிறுவென்று சலவைக் கூடத்துக்குப் போனார். முதலில் அகப்பட்டவன் மூட்டை தூக்கும் குண்டூசி. ஆள் ஒல்லி என்பதால் அந்தப் பெயர்.

“ஏண்டா, உனக்குக் கிளாஸ் இருக்கிறது தெரியுமா, தெரியாதா?”

“தெரியும்ணே. வாசல் வரைக்கும் தினமும் வர்றோம்ணே. ஆனா அங்க...”

“அங்க என்னடா? புலியா உக்காந்திருக்கு?”

குண்டூசி மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டான். அடுத்தவர் ஒரு வாக்கியத்தை முடிக்கும்வரை காத்திருக்கும் பழக்கம் செயலாளருக்கு எப்போதுமே கிடையாது. எல்லாம் மேடையில் பேசிப் பேசி வந்த வினை.

இஸ்திரி அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் மூத்தவள் அவள்தான். “தம்பி, அந்தக் கதவு...”

“மெஷின் சத்தத்துக்காகச் சாத்தி வச்சிருக்கேன்க்கா! தாழ் போடலை! தள்ளினா திறக்கப்போகுது!”

அந்த நேரம் பார்த்துத் தொற்றுநோய் வார்டுத் துணியோடு தள்ளுவண்டி வந்தது. மருந்தடித்து முடிக்கும்வரை சிவப்பு ஒட்டிய எதன் கிட்டேயும் போகக்கூடாது என்பது ஆலையின் சட்டம். சிவப்புப் பைகளைக் கண்டதுமே எல்லாரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள். செயலாளரும் ஒட்டிக்கொண்டார். பேச்சை மட்டும் நிறுத்தவில்லை.

“எனக்கென்ன, படிக்கத் தெரியும், என் வேலை நிக்கும். உங்களுக்காகத்தானே அந்த ஆள் கால்ல விழாத குறையாக் கெஞ்சினேன்? நாளைக்கு உங்களை வெளிய அனுப்பும்போது சங்கத்தைத் தேடி வராதீங்க. எனக்குத் தெம்பு இல்ல...”

பக்கத்திலிருந்த துணி மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தார். அந்த வாரத்திலேயே முதல்முறையாக அவர் வாயிலிருந்து பேச்சு வரவில்லை.

இஸ்திரி அக்கா கிட்டே வந்தாள். இடுப்பில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் காட்டினாள். சீவி வைத்த புதுப் பென்சில், ஒரு எழுத்துக்கூட எழுதியிருக்கவில்லை. குண்டூசி தன் காதில் இருந்ததைத் தொட்டுக் காட்டினான். கூடத்தில் ஒவ்வொருவராகச் சட்டைப் பையிலும் இடுப்பிலும் கைவிட்டார்கள்.

“திங்கட்கிழமையிலேர்ந்து இதைச் செருகிக்கிட்டுத்தான் தம்பி திரியறோம்.”

செயலாளர் விழித்தார். “அப்புறம் உள்ள வர்றதுக்கு என்னக்கா கேடு?”

“கதவுல இன்னும் செவப்பு ஒட்டியிருக்கே தம்பி, மருந்தடிச்சு முடிச்சாச்சா?”